முதல் அடி வைக்கத் தயங்குகிறவர்களுக்கு: டர்பனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துக்குத் தெற்கே, சாட்ஸ்வொர்த்தில், சனிக்கிழமை மதியம் பெரியவர்களுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் 22 வயதுப் பெண்ணும் உண்டு, பேரன் பேத்தி எடுத்தவர்களும் உண்டு. பாடம் முடிந்து டீ குடிக்கும்போது பேச்சு தமிழோடு நிற்பதில்லை. ஒருவருக்கு டிரைவிங் கற்றுக்கொள்ள வேண்டும். ஒருவருக்குப் பாதியில் விட்ட மெட்ரிக்கை, அதாவது இங்கே பள்ளிக்கூடத்தின் கடைசித் தேர்வை, முடிக்க வேண்டும். இன்னொருவருக்கு வீட்டில் போடுகிற ஊறுகாயை விற்றுப் பார்க்க ஆசை. எல்லாரும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள்: "செய்யணும் டீச்சர், ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பாதி இங்கிலீஷில் வந்தவைதான். தமிழில் எழுதிப் பார்த்தபோது எனக்கே பல விஷயம் தெளிவானது.

பல வருஷமாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன், தொடங்கவில்லை. நான் சோம்பேறியா?

இல்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து, சமைத்து வைத்துவிட்டு, டாக்ஸி பிடித்து வேலைக்குப் போய் வருகிறவரைச் சோம்பேறி என்று யார் சொல்வது? நமக்கு வேண்டாத காரியத்தில் நாம் தயங்குவதே இல்லை, சும்மா விட்டுவிடுகிறோம். தயங்குகிறோம் என்றாலே அந்த விஷயம் மனசுக்கு வேண்டியது என்று அர்த்தம்.

இன்னொன்றும் உண்டு. நினைப்பாக இருக்கிறவரை அது உடையாது. "நான் மட்டும் படித்திருந்தால் டீச்சராகியிருப்பேன்" என்று சொல்லிக்கொள்வதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. தொடங்கிவிட்டால், தேறுவோமா மாட்டோமா என்பது தெரிந்துவிடும், அந்த ஆறுதல் போய்விடும். பல பேர் காப்பாற்றி வைத்திருப்பது இதைத்தான் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஆனால் அந்த ஆறுதல் வயதாக ஆகக் கசக்கிறது. தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1990-களில் இதை ஆராய்ந்தார்கள். செய்து தவறிப்போன காரியங்கள் உடனடியாகச் சுடுகின்றன. நாள் போகப் போக, செய்யாமல் விட்டவைதான் அதிகம் உறுத்துகின்றன. என் வகுப்பில் மூத்தவர்கள் பேசுவதைக் கேட்டால் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளத் தேவையே இல்லை.

பயம் போன பிறகு தொடங்கலாமா?

இதற்கு என் கதையைத்தான் சொல்ல வேண்டும். கல்யாணமாகித் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து 2009-ல் இங்கே வந்தேன். இந்த ஊரில் கார் ஓட்டத் தெரியாவிட்டால் பாதி கை கட்டிப்போட்ட மாதிரி. 2014-ல் லேர்னர்ஸ், அதாவது ஓட்டிப் பழகுவதற்கான லைசென்ஸ், எழுதித் தேறினேன். ரோட்டு அடையாளம் ஒவ்வொன்றையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். சரி, கொஞ்சம் தைரியம் வரட்டும், அப்புறம் ஓட்டலாம் என்று அந்தத் தாளை மடித்துப் பர்ஸில் வைத்தேன். லேர்னர்ஸ் 24 மாதம்தான் செல்லும். மடிப்பு நைந்து கிழிகிற அளவுக்கு அந்தத் தாள் என்னோடு பஸ்ஸில் சுற்றியது. ஸ்டியரிங்கை ஒரு தடவைகூடத் தொடாமலே 2016-ல் அது காலாவதியானது. அன்றைக்கு ராத்திரி அழுதேன்.

மறுபடி எழுதித் தேறினேன். இந்த முறை என் நாத்தனார் ஒன்று சொன்னார்: "அண்ணி, ஓட்ட வேணாம். வந்து டிரைவர் சீட்டில் உட்காருங்க, போதும்." எஞ்சினைப் போடவில்லை. வீட்டு வாசலிலேயே நின்ற காரில் பத்து நிமிஷம் உட்கார்ந்து கிளட்சை மிதித்து மிதித்து விட்டேன். மறுநாளும் அதேதான். மூன்றாம் நாள் எஞ்சினைப் போட்டு கேட் வரைக்கும், ஒரு இருபது அடி. கால் நடுங்கியது. நடுங்கிக்கொண்டேதான் ஓட்டினேன்.

சாட்ஸ்வொர்த் முழுக்க மேடும் இறக்கமும். லைசென்ஸுக்கான கே53 டெஸ்டில் ஏற்றத்தில் நிறுத்திய வண்டியைப் பின்னால் உருளாமல் கிளப்ப வேண்டும், உருண்டால் அங்கேயே தோல்வி. ஹேண்ட்பிரேக்கைப் பிடித்தபடி கிளட்சை மெல்ல விடும்போது வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும், எஞ்சின் சத்தம் கனத்து இறங்கும். அந்தச் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் பிரேக்கை விடலாம். இதை இரண்டு வருஷம் புத்தகத்தில் படித்தேன். ஆனால் புத்தகத்தில் அந்தச் சத்தம் இல்லையே! முதல் டெஸ்டில் வண்டி உருண்டது, தோற்றேன். இரண்டாவதில் தேறினேன்.

பயம் எப்போது போனது என்று கேட்டால், ஓட்ட ஆரம்பித்து மூன்றாவது வாரம் என்று நினைவு. ஓட்டுவதற்கு முன்னால் போகவில்லை. அது முன்னால் போகும் என்று காத்திருந்ததில்தான் எனக்கு இரண்டு வருஷம் போனது.

முதல் அடி எவ்வளவு சின்னதாக இருக்கலாம்?

சொல்லவே கூச்சப்படுகிற அளவுக்குச் சின்னதாக இருக்கலாம்.

தமிழ் படிக்க வருகிறவர்களை ஓட வைப்பது ஓர் எண்: 247. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. சுவரில் அந்த அட்டவணையை மாட்டினால், முதல் நாள் வந்தவர் இரண்டாம் நாள் வருவதில்லை. நான் மாட்டிப் பார்த்துக் கெட்ட பிறகுதான் கழற்றினேன். இப்போது மூன்றே எழுத்தில் தொடங்குகிறேன்: ட, ப, ம.

'ட' எழுத, மேலிருந்து கீழே ஒரு கோடு, அப்படியே வலப்பக்கம் ஒரு கோடு. முடிந்தது. அதன் வலது முனையில் மேலே ஒரு கோடு ஏற்றினால் 'ப'. 'ம'வுக்குக் கொஞ்சம் வளைக்க வேண்டும். அப்புறம் மேலே ஒரு புள்ளி வைத்தால் என்ன ஆகும் என்று காட்டுவேன். ஒரு மணி நேரத்தில் படம், மடம், பட்டம் என்று நிஜமான வார்த்தைகளை எழுதிவிடுகிறார்கள். 247-ல் மூன்றுதான் தெரியும். ஆனால் வீட்டுக்குப் போகும்போது "எனக்குத் தமிழ் எழுதத் தெரியும்" என்று சொல்லலாம், அது பொய்யில்லை.

மேகசின் பேரக்ஸில் பிறந்த ஓர் அங்கிள் வகுப்புக்கு வருகிறார். நகராட்சித் தொழிலாளர்கள் குடியிருந்த இடம் அது, பெரும்பாலும் தமிழ், தெலுங்குக் குடும்பங்கள். 1960-களில் எல்லாரையும் கிளப்பி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். அங்கிளுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. துணி ஆலையில் வேலை பார்த்த கை, பென்சிலை ஸ்குரூ டிரைவர் மாதிரி பிடிப்பார். அவரிடம் அப்பா எழுதிய ஒரு நோட்டு இருக்கிறது. குடும்பத்தில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை. சாமிப் பாட்டாக இருக்கும் என்று அலமாரியில் வைத்துக் கும்பிட்டு வந்திருக்கிறார்கள்.

ஐந்தாவது மாதம் அந்த நோட்டை வகுப்புக்குக் கொண்டுவந்தார். முதல் பக்கத்தில் விரலை வைத்து எழுத்து எழுத்தாகக் கூட்டினார்: க... ட... ன். கடன். அதற்குக் கீழே ஒரு பெயர், 2 ஷில்லிங். அடுத்த வரியில் இன்னொரு பெயர், 1 ஷில்லிங். யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்ற கணக்கு அது. பக்கம் பக்கமாக அப்படித்தான். அங்கிள் ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், "இத்தனை பேருக்குக் கொடுத்திருக்காரு டீச்சர், எங்ககிட்ட சொன்னதே இல்ல" என்றார்.

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்று பெரியவர்கள் சொல்கிறார்களே?

சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் கரையில் நின்று பார்த்தே ஆழம் தெரிந்துவிடும் என்று அவர்கள் சொல்லவில்லை. ஒரு குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் குச்சி விடுவதுதான் முதல் அடி.

ஊறுகாய் விற்க ஆசைப்பட்ட அக்கா, கடைக்கு என்ன பெயர், லேபிள் என்ன நிறம் என்று ஒரு வருஷம் யோசித்துக்கொண்டிருந்தார். பங்களாதேஷ் மார்க்கெட்டில் ஒரு மேசை போட வேண்டும் என்பது கனவு. சாட்ஸ்வொர்த் ஆட்கள் வாரக் கடைசியில் காய்கறி வாங்கப் போகிற இடம் அது. நான் கேட்டேன்: "இதுவரைக்கும் யாராவது உங்களுக்குக் காசு கொடுத்திருக்காங்களா அக்கா?" இல்லை. எல்லாருக்கும் சும்மாவே கொடுத்திருக்கிறார். அவருக்குத் தயக்கம் ஊறுகாயில் இல்லை, விலை சொல்வதில். அதனால் முதல் அடி லேபிளும் இல்லை, மேசையும் இல்லை. பக்கத்து வீட்டு ஆண்ட்டியிடம் ஒரு பாட்டிலை நீட்டி, "அறுபது ரேண்ட் ஆண்ட்டி" என்று சொல்லி, அதற்குப் பிறகு ஒன்றும் பேசாமல் நிற்பது. மாங்காய் சீசனில் பத்து பாட்டில் போட்டார், ஏழு விற்றது. மூன்று பேர் எண்ணெய் அதிகம் என்றார்கள். ஆழம் தெரிந்துவிட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் பெரியவர்கள் பக்கம்தான் நான். கடன் வாங்குவது, வேலையை விடுவது, வீட்டை அடமானம் வைப்பது எதுவும் முதல் அடியே இல்லை. யாராவது அப்படிச் செய்யச் சொன்னால் தயங்குங்கள், நன்றாகத் தயங்குங்கள்.

எனக்கு வயதாகிவிட்டதே?

மெட்ரிக் முடிக்காதவர்களுக்கு, 21 வயதுக்கு மேல் எழுதுவதற்கென்றே சீனியர் சர்ட்டிஃபிகேட் தேர்வு இந்த நாட்டில் இருக்கிறது. மேல் வயது வரம்பு கிடையாது. கல்வித் துறையின் செகண்ட் சான்ஸ் மெட்ரிக் திட்டத்தில் படிப்பதற்கு இலவச உதவியும் உண்டு. அதற்கு மேலே படிக்க யூனிசா என்ற தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம் இருக்கிறது, 1946-ல் தபால் வழியாகப் பாடம் நடத்தத் தொடங்கியது. மண்டேலா 1989-ல் சட்டப் பட்டம் வாங்கியது அங்கேதான். அப்போது அவருக்கு 70 வயது, இன்னும் சிறையில் இருந்தார்.

எல்லாருக்கும் பின்னால் கடைசியாக வருவேனோ என்று வெட்கமாக இருக்கிறது.

உடம்பைக் குறைக்க நடக்க ஆரம்பிக்க வேண்டும் என்கிறவர்கள் இதை அதிகம் கேட்கிறார்கள். டர்பன்காரர்களுக்கு ஓட்டம் என்றாலே காம்ரேட்ஸ் மாரத்தான்தான் நினைவுக்கு வரும். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே 90 கிலோமீட்டர் போல. அதை டிவியில் பார்த்துவிட்டு, நாம் எங்கே என்று சோஃபாவில் சாய்ந்துவிடுகிறோம். 1921-ல் முதல் காம்ரேட்ஸில் கிளம்பியவர்கள் 34 பேர், முடித்தவர்கள் 16 பேர்தான். ஒன்பது தடவை ஜெயித்த புரூஸ் ஃபோர்டைஸ் 1977-ல் முதல் முதலாக ஓடியபோது வந்த இடம் 43.

அதே ஃபோர்டைஸ்தான் 2011-ல் பார்க்ரன்னை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தார். சனிக்கிழமை காலை 8 மணி, 5 கிலோமீட்டர், காசு கிடையாது, நடந்தே போகலாம். எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. எல்லாருக்கும் பின்னால் நடந்து வருவதற்கென்றே ஒரு தொண்டர் இருப்பார், எவ்வளவு மெதுவாகப் போனாலும் அவர்தான் கடைசி. அந்த ஏற்பாட்டைச் செய்தவருக்கு நம் மனசு நன்றாகத் தெரிந்திருக்கிறது. நார்த் பீச் பார்க்ரன்னுக்கு முதல் தடவை போனபோது, அந்தத் தொண்டரோடு பேசிக்கொண்டேதான் நான் முடித்தேன்.

நாலு பேர் சிரிப்பார்களே?

சிரிப்பார்கள். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

இதில் ஊரிலிருந்து வந்த எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. இங்கே பிறந்து வளர்ந்த ஒருவர் கோவிலில் தட்டுத் தடுமாறித் தமிழில் ரெண்டு வார்த்தை பேசும்போது, "அது அப்படி இல்லை" என்று சிரித்துத் திருத்துகிறோம். அவர் திரும்ப இங்கிலீஷுக்குப் போய்விடுகிறார், பல வருஷத்துக்கு வாயைத் திறப்பதில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படிச் சிரித்திருக்கிறேன். என் இங்கிலீஷைக் கேட்டு ஒரு கவுன்டரில் சிரித்த பிறகுதான் அது எப்படி வலிக்கும் என்று எனக்கு உறைத்தது. அன்றோடு விட்டேன்.

தயங்குகிறவருக்கு நான் சொல்வது இது. முதல் அடியை எல்லார் முன்னாலும் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஃபேமிலி குரூப்பில் அறிவிக்காதீர்கள். சிரிக்காத ஒரே ஓர் ஆளைத் தேர்ந்தெடுங்கள், அவரிடம் மட்டும் சொல்லுங்கள். எனக்கு என் நாத்தனார் இருந்த மாதிரி.

ஆடி கழியட்டும், புரட்டாசி கழியட்டும் என்று தள்ளிப்போகிறதே?

புரட்டாசியில் விரதம் இருங்கள், தை மாசத்தில் காவடி எடுங்கள். கடை திறப்பதற்கும் கிரகப்பிரவேசத்துக்கும் நல்ல நாள் பாருங்கள். ஆனால் விண்ணப்பப் படிவம் வாங்கி வருவதற்கு எந்தப் பஞ்சாங்கமும் தடை சொல்லவில்லை. முதல் அடியை ஆடியிலேயே வைத்துவிட்டால், ஆவணி பிறக்கும்போது சாமான் எல்லாம் கையில் இருக்கும்.

முடிவெடுத்துவிடுகிறேன், ஆனால் அந்த நாள் வருவதே இல்லை. என்ன செய்வது?

"இந்த மாசம் கண்டிப்பா" என்பது நாள் இல்லை. எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த இடம் என்று எழுத வேண்டும். கூடவே, "இது குறுக்கே வந்தால் அப்போது இதைச் செய்வேன்" என்று ஒரு வரி. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் பல வருஷம் இதைத்தான் ஆராய்ந்தார். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-ல் 94 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், வெறுமனே ஆசைப்பட்டவர்களைவிட இப்படித் திட்டம் போட்டவர்கள் கணிசமாக அதிகம் செய்து முடித்திருந்தார்கள்.

லோட் ஷெடிங் என்ற மின்வெட்டு இருந்த வருஷங்களில் எங்கள் வகுப்பே இதற்குச் சாட்சி. "செவ்வாய் ராத்திரி 8 மணிக்குச் சமையலறை மேசையில் ஒரு பக்கம் எழுதுவேன். கரண்ட் போனால் மெழுகுவத்தி வைத்து ஐந்து வரி எழுதுவேன்" என்று ஒரு பெண் நோட்டின் அட்டையில் எழுதி வைத்தார். மெழுகு சொட்டிய அந்தப் பக்கங்கள் இன்னும் அவரிடம் இருக்கின்றன. மற்றவர்கள் "கரண்ட் போச்சு டீச்சர்" என்று வெறும் நோட்டோடு வந்தார்கள்.

தொடங்கி நாலு நாளில் விட்டுவிட்டேன். அவ்வளவுதானா?

அஞ்சாம் நாள் தொடருங்கள், அவ்வளவுதான். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010-ல் வெளியானது. ஒரு புதுப் பழக்கம் ஊற நடுவாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், ஒருவருக்கு 254 நாள்கூட ஆகும் என்று கணக்கு வந்தது. நடுவில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் இல்லை என்பதையும் அவர்கள் பார்த்தார்கள். நாலு நாளில் வரவில்லையே என்று வருத்தப்படுவது, விதை போட்ட வாரத்திலேயே மண்ணைத் தோண்டிப் பார்க்கிற மாதிரி.

முன்னோர்கள் கடல் தாண்டி வந்தார்கள். எனக்கு இந்தச் சின்ன விஷயத்துக்குத் தைரியம் இல்லையே?

இதை என்னிடம் கேட்டவர் கண்ணில் தண்ணீர். 1860 நவம்பர் 16-ல் ட்ரூரோ கப்பல் ஒப்பந்தக் கூலிகள் 342 பேரோடு சென்னையிலிருந்து வந்து டர்பனில் நின்றது. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே நம்மைக் குட்டிக்கொள்கிறோம். அது வேண்டாம். அவர்களில் பல பேர் பசிக்கும் கடனுக்கும் பயந்து ஏறினவர்கள். போகிற இடம் எப்படிப்பட்டது என்றே தெரியாமல் வருஷக் கணக்கான ஒப்பந்தத்துக்குக் கைநாட்டு வைத்தார்கள். அவர்களும் நடுங்கியிருப்பார்கள்.

தில்லையாடி வள்ளியம்மையை எல்லாருக்கும் தெரியும். சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ல் 16 வயதில் இறந்த பெண். அவர் தனியாகக் கிளம்பவில்லை, அம்மாவோடு போனார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நீங்களும் கூட ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வரலாம். என் வகுப்பில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான்.

எனக்கென்று நேரமே இல்லையே?

மாமியாருக்கு மருந்து, பிள்ளைக்கு லிஃப்ட், ஷிஃப்ட் வேலை என்று இருக்கிறவர் சொன்னால் அது சாக்கு இல்லை. அது தயக்கமும் இல்லை, பாரம். அங்கே முதல் அடி இலக்கை நோக்கியே இல்லை, வீட்டை நோக்கி. "சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் நான் இல்லை, நீங்க பாத்துக்கோங்க" என்று சொல்வது. பெண்களுக்கு டெஸ்டைவிடக் கஷ்டமானது அந்த ஒரு வாக்கியம். சொல்லிப் பழக வேண்டும்.

இது தயக்கம்தானா, வேறு ஏதாவதா?

தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், பிடித்த விஷயத்தில்கூட ஆசை போய், வாரக் கணக்கில் அப்படியே இருந்தால், இந்தப் பக்கத்தில் சொன்ன எதுவும் போதாது. டாக்டரைப் பாருங்கள். சாடாக் என்று எல்லாரும் சொல்கிற தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்றக் குழுவுக்கு போன் செய்தால் காசில்லாமல் பேசலாம். அந்த போனும் ஒரு முதல் அடிதான், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

சரி, இன்று சாயந்திரம் என்ன செய்யட்டும்?

ஒரு பழைய கவரின் பின்பக்கம் எடுங்கள். மனசில் கிடக்கிற காரியத்தில் பத்து நிமிஷத்தில் முடிகிற ஒரு துண்டை மட்டும் எழுதுங்கள். "படிவம் எங்கே கிடைக்கும் என்று கேட்க வேண்டும்." "ஷூ இருக்கிறதா என்று தேட வேண்டும்." பக்கத்தில் மணியைப் போடுங்கள். அந்த மணிக்கு அதை மட்டும் செய்துவிட்டுப் படுத்துவிடுங்கள்.

மனசில் கிடப்பது தமிழ் என்றால், சனிக்கிழமை ரெண்டு மணிக்கு வாருங்கள். பென்சில் இங்கே இருக்கிறது. வந்ததும் 'ட' போடலாம்.